வட்டத்துக்குள் என்ன எழுத்து?

கலா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. கல்யாணப் புடவை, மண்டபம், பெங்களூர் ஹாஸ்டல் சாம்பார் என்று நாலு பக்கம் எழுதிவிட்டு, மடிக்கும்போது ஞாபகம் வந்தவள் போல ஓரத்தில் இரண்டு கேள்வி கிறுக்கியிருக்கிறாய். பாரிவாக்கத்தில் நீ தொடங்கப்போகும் ஸ்கூல் பை கம்பெனிக்கு, நம் குக்கர் கேஸ்கட்டில் இருக்கும் ‘கலா’ என்ற பேரையும் அதன் பக்கத்து வெறும் வட்டத்தையும் எடுத்துக்கொள்ளலாமா, எடுத்தால் ஓரத்தில் TM போடுவதா R போடுவதா என்பது முதல் கேள்வி. கல்யாணத்துக்கு அப்புறம் உன் இன்ஷியல் என்ன என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்கள், அதற்கு நான் என்ன சொல்கிறேன் என்பது இரண்டாவது. உன் அம்மா படித்துவிட்டு, “இதுக்கு ஒரு இன்லேண்டு லெட்டர் போதும், ராமாயணம் எழுதாதீங்க” என்றாள். நானும் ஒரு இன்லேண்டு லெட்டரோடுதான் உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, நீ கேட்ட இரண்டும் எனக்கு ஒரே கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், பதினாறு வருஷமாக வீட்டில் நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதம் இல்லை. தபாலில் போவதற்கு முன்னால் பூந்தமல்லி காதர் பாய் இதைப் படிப்பார். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் ரொம்ப காலம் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். எலெக்ட்ரிக் ட்ரெயினில் பேப்பர் படிக்கிறவர்கள் பேப்பர் படிப்பார்கள், சீட்டாடுகிறவர்கள் சீட்டாடுவார்கள். நான் பக்கத்தில் இருப்பவர் பையில் என்ன பொருள் இருக்கிறதோ, அதன் மேல் எழுதியிருப்பதைப் படிப்பேன். தீப்பெட்டி, பவுடர் டப்பா, டார்ச் லைட், தைல பாட்டில், எதையும் விட்டதில்லை. ஒருமுறை ஒரு அம்மாள் மடியில் இருந்த பிஸ்கட் டின்னைத் தலையைச் சாய்த்துப் படிக்கப் போய், “இன்னாய்யா வோணும் உனுக்கு?” என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்படிப் படித்ததில் ஒரு விஷயம் கண்ணை உறுத்தியது. பெரிய கம்பெனிப் பொருள்களில் பேருக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு வட்டம், அதற்குள் R. சிலவற்றில் வட்டம் இல்லாமல் TM. இது என்னவாக இருக்கும் என்று மாசக்கணக்கில் யோசித்தேன். யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் யோசிக்கிற சுகம் போய்விடுமே. கடைசியில் நானே கண்டுபிடித்தேன்: அது இன்ஷியல். நமக்கெல்லாம் பேருக்கு முன்னால் அப்பா எழுத்து இருக்கிற மாதிரி, பொருளுக்கும் அதைப் பெற்றவன் எழுத்து இருக்கிறது. நாட்டில் ராமசாமியும் ராஜகோபாலும் ரத்தினமும் அதிகம், அதனால் R அதிகம். TM என்றால் ரெட்டை இன்ஷியல்காரர், தாத்தாவையும் விடாமல் சேர்த்துப் போட்டிருக்கிறார். இப்போது நீ சிரிப்பாய். சிரி. நாலு வருஷம் இதை நான் சத்தியமாக நம்பினேன். என் பேரும் R-இல் தொடங்குவதால் உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

நீ மூன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் வேலையை விட்டுவிட்டு மண்ணூர்பேட்டையில் ஒரு ஷெட் பிடித்தேன். ஒரு கை பிரஸ், ஒரு ஹீட்டர், நான், உன் அம்மா, அவ்வளவுதான் கம்பெனி. குக்கர் மூடிக்குள் போடுகிற கேஸ்கட் ஒன்றுதான் சரக்கு. அதற்கு இரும்பில் ஒரு அச்சு வேண்டும். ரப்பரை உள்ளே வைத்து அழுத்திச் சூடு காட்டினால் வளையமாக வெளியே வரும். அச்சில் பேரைச் செதுக்கிவிட்டால் ஒவ்வொரு வளையத்திலும் அந்தப் பேர் புடைத்துக்கொண்டு நிற்கும். என்ன பேர் என்பதில் வீட்டில் விவாதமே வரவில்லை. நீ ஒருத்திதான், உன் பேர்தான். செதுக்குவதற்குப் பூந்தமல்லியிலிருந்து காதர் பாய் வந்தார். என்னைவிட ஏழெட்டு வயசு பெரியவர், ஆனாலும் என்னை ‘அண்ணாத்தே’ என்றுதான் கூப்பிடுவார். அம்பத்தூரில் பாதி அச்சுகளில் அவர் வெட்டிய எழுத்துதான் இருந்தது. அச்சில் எழுத்தைத் திருப்பிச் செதுக்க வேண்டும், அப்போதுதான் ரப்பரில் நேராக வரும். மற்றவர்கள் கண்ணாடியை வைத்துப் பார்த்துப் பார்த்து வரைவார்கள். பாய் நேரே இரும்பில் உளியை வைத்து வலமிருந்து இடமாக வெட்டிக்கொண்டே போவார். உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து உன் சிலேட்டில் ‘கலா’ என்று திருப்பி எழுதிக் காட்டினார், ஞாபகம் இருக்கிறதா? ஒரு மாதம் நீ எல்லா நோட்டிலும் பேரைத் திருப்பி எழுதி டீச்சரிடம் குட்டு வாங்கினாய்.

“பேர் மட்டும் போதுமா அண்ணாத்தே?” என்று கேட்டார்.

“இன்ஷியல் வேணாமா பாய்? என் பொண்ணு வெறும் கலாவா? R. கலா. பெரிய கம்பெனில்லாம் குட்டியா வட்டத்துக்குள்ள போடறாங்களே, அந்த மாதிரி போட்டுடு.”

“முன்னால போடறதா, பின்னால போடறதா?”

“அவுங்க பின்னாலதான் போடறாங்க.”

“அப்பன் எழ்த்த பின்னால போடறது இன்னா பழக்கமோ,” என்று முணுமுணுத்துக்கொண்டே வட்டத்தை வெட்டினார். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அச்சில் அந்த R திரும்பி நின்றதைப் பார்த்து நான், “தப்பா கீதே பாய்” என்று பதறியதும், அவர் ஒரு துண்டு ரப்பரை அழுத்தி எடுத்து என் கையில் வைத்ததும் எல்லாம் அப்போது ஒரே வேடிக்கையாக இருந்தது.

ஆறு மாதம் கேஸ்கட் நன்றாகப் போனது. ஏழாவது மாதம் பதிவுத் தபாலில் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அனுப்பியது பெரிய கேஸ்கட் கம்பெனி ஒன்று. பேர் வேண்டாம், இப்போது அந்தக் கம்பெனியே இல்லை. அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் எடுத்துப் போனேன். பதிவு செய்யாத குறியைப் பதிவானது போல R போட்டு ஜனங்களை ஏமாற்றுகிறேனாம், அது குற்றமாம், ஜெயிலுக்கும் இடமிருக்கிறதாம். “எந்த R சார்?” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “யோவ், வட்டத்துக்குள்ள R-னா ரிஜிஸ்டர்டுய்யா. சர்க்கார் பதிவு பண்ணிக் குடுத்த பொறவுதான் அதப் போடலாம். TM-னா ட்ரேட் மார்க். இது என் மார்க்குன்னு நீயே சொல்லிக்கிறது. அதுக்கு யாரையும் கேக்க வேணாம். நீ TM போட்டிருந்தா இந்த நோட்டீஸே வந்திருக்காது” என்றார். ஆனால் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், ஜெயில் என்று கேட்ட பிறகும் நாலு வருஷப் புதிர் அவிழ்ந்த சந்தோஷம் ஒரு நொடி வந்துவிட்டுத்தான் போனது. அடடே, இதுதானா என்று தோன்றியது. என் புத்தி அப்படி.

அப்புறம்தான் பயம் முழுசாகப் பிடித்தது. இருக்கிற வேலையையும் விட்டாயிற்று, ஷெட்டுக்கு வாடகை ஒப்பந்தம் போட்டாயிற்று, ஜெயில் என்றால் நீயும் அம்மாவும் என்ன செய்வீர்கள்? வீட்டுக்கு ஓடி உன் ரேங்க் கார்டை எடுத்து வந்து வக்கீல் மேஜையில் வைத்தேன். R. கலா, மூன்றாம் வகுப்பு, பி பிரிவு, கணக்கில் நாற்பத்திரண்டு. “பாருங்க சார், பொண்ணோட இன்ஷியல் சார் அது. அதத்தான் போட்டேன்” என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் தண்ணீர் குடிக்க வேண்டியதாகிவிட்டது. “இத கோர்ட்ல காட்டினா ஜட்ஜும் சிரிப்பாரு. ஆனா நம்ப மாட்டாரு” என்றார். பிறகு, “எழுத்த வெட்டினது யாரு?” என்று கேட்டார். சொன்னேன். “அப்போ சுலபம். செதுக்கினவர் செஞ்ச பிழை, எங்களுக்குத் தெரியாம நடந்துபோச்சு, உடனே நீக்கிடறோம்னு பதில் எழுதிடலாம். அவருக்கு ஒண்ணும் ஆவாது. சும்மா ஒரு வார்த்தை.” உண்மையைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், பொய்யைச் சொன்னால் நம்புவார்கள் என்றால் பொய் சொல்வதில் என்ன தப்பு என்று அன்றைக்குப் பட்டது. டைப் அடித்த காகிதத்தில் பாயின் முழுப் பேரும், பூந்தமல்லி என்ற ஊரும் இருந்தன. படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். படிக்காமல் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

எழுத்தை நீக்க பாய்க்குச் சொல்லி அனுப்பினேன், அந்தக் காகிதத்தைப் பற்றி மூச்சு விடாமல். நாலாம் நாள் வந்தார். வழக்கமாக வந்ததும், “டீ சொல்லு அண்ணாத்தே, கண்ணு தெறந்தாதான் கை தெறக்கும்” என்பார். அன்றைக்கு டீ வேண்டாம் என்றார். R இருந்த பள்ளத்தைத் துளைபோட்டு, இரும்பு ஆணி ஒன்றை அடித்து இறக்கி, அரம் போட்டுத் தேய்த்துச் சமமாக்கினார். இரண்டு மணி நேரம் ஆனது. முடிந்ததும் ஒரு வளையம் அழுத்தி எடுத்துப் பார்த்தேன். ‘கலா’ இருந்தது, R போயிருந்தது, வட்டம் மட்டும் வெறுமனே நின்றது.

“வட்டம் அப்டியே கீதே பாய்?”

“எழ்த்து உன்னுது அண்ணாத்தே, எட்த்துட்டேன். வட்டம் என்னுது. அது இர்க்கட்டும்.”

தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, நினைத்துக்கொள்ள விரும்பினேன். மூன்று மாதம் கழித்துப் பூந்தமல்லி கடைத்தெருவில் பஸ்ஸுக்குப் போகும்போது, ஒரு பாத்திரக் கடை வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து எவர்சில்வர் டம்ளரில் பேர் வெட்டிக்கொண்டிருந்தார் பாய். இரும்பில் வெட்டிய கை. அவர் என்னைப் பார்க்கவில்லை. கடைக்குள் போய், ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டேன். “அவுரு செஞ்சிகினு இர்ந்த பெரிய கேஸ்கட்டு கம்பெனில வேல போச்சு சார். எவனோ இவுரு மேல பழிய போட்டு எழ்தி குட்துட்டானாம்” என்றார் கடைக்காரர். அந்த எவனோ நான்தான், கலா. எனக்கு நோட்டீஸ் விட்ட அதே கம்பெனிதான் பாய்க்கும் பெரிய வாடிக்கை என்பது எனக்குத் தெரியாது. நான் அனுப்பிய பதிலை எடுத்துக் காட்டி, எந்த எழுத்தை எங்கே வெட்டுவது என்று தெரியாத ஆள் எங்கள் அச்சைத் தொட வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் பேச்சு எஸ்டேட் முழுக்கப் பரவி, மற்ற கம்பெனிகளும் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன. அங்கே நின்று அவர் தோளைத் தொட்டுப் பேசியிருக்க வேண்டும். நான் அப்படியே திரும்பிப் பஸ் ஏறிவிட்டேன். அதைவிட மோசம் அடுத்துச் செய்தது. அவர் முகத்தைப் பார்க்கக் கூசி, அடுத்த அச்சுகளை, அவர் வெட்டியதைப் பார்த்து அப்படியே வெட்டச் சொல்லி வேறு ஆளிடம் கொடுக்க ஆரம்பித்தேன். “பாய் ஏன்ப்பா இப்பல்லாம் வர்றதில்ல?” என்று நீ கேட்டாய். “அவருக்கு வேலை ஜாஸ்தி” என்றேன். அந்தப் பொய் இரண்டாவது.

இனி நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். நோட்டீஸ் அத்தோடு அடங்கியது, கேஸ்கட் விற்றுக்கொண்டிருந்தது. ஒருநாள் ஆவடியில் ஒரு கடைக்குச் சரக்குப் போடப் போயிருந்தேன். ஃபேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு பெண் வந்து, “அந்த வட்டம் போட்ட கேஸ்கட் இருக்காண்ணே? பேரு மறந்துபோச்சு” என்றாள். மதுரைப் பக்கத்துப் பேச்சு. கடைக்காரர் கொத்தாகத் தொங்கிய வளையங்களில் கையை விட்டு, கண்ணால்கூடப் பார்க்காமல், கட்டை விரலால் தடவி நம்முடையதை உருவிக் கொடுத்தார். அடுத்த வாரம் இன்னொரு கடையிலும் அதேதான். நான் விசாரிக்க ஆரம்பித்தேன், என் குணம்தான் தெரியுமே. குவார்ட்டர்ஸில் எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள், எழுத்துத் தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் எல்லாரும் இருந்தார்கள். ரப்பர் கறுப்பு, எழுத்தும் கறுப்பு, பேரை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? பக்கத்தில் ஒன்றுமே இல்லாத ஒரு வட்டம் இருப்பதுதான் எல்லாருக்கும் விநோதமாக இருந்திருக்கிறது. நான் பேர் வைத்தேன், ஊர் வட்டத்தைப் பிடித்துக்கொண்டது. பிறகு போலியும் வந்தது, அதே பேர், அதே வட்டம். ஆவடிக் கடைக்காரர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது ரவுண்டா கீது சார். நம்மளுது முட்ட மாரி இர்க்கும். இது டூப்பு” என்று தூக்கிப் போட்டார். அப்போதுதான் நானே உற்றுப் பார்த்தேன். பாயின் வட்டம் ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு முட்டை போலத்தான் இருந்தது.

பதிவு செய்துவிடலாம் என்றார் வக்கீல். வெறும் வட்டத்தைத் தர மாட்டார்கள், அது ஊர்ப் பொது. பேரும் அந்த முட்டை வட்டமும் சேர்ந்த உருவம் என்றால் தருவார்கள். விண்ணப்பத்தில், இந்தக் குறிக்கு உரிமையாளர் நான் என்று எழுதியிருந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ‘வட்டம் என்னுது’ என்று பாய் சொன்னது ஞாபகம் வந்தது. இருந்தும் போட்டேன். பதிவுக்கு முன்னால் அதை ஒரு சர்க்கார் இதழில் அச்சடிப்பார்கள், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்றார்கள். பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்திருப்பவர் அந்த இதழை எங்கே பார்க்கப் போகிறார் என்று தெரிந்தும், தபால்காரர் மணி கேட்கும்போதெல்லாம் நான்தான் முதலில் வாசலுக்கு ஓடினேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. சர்டிபிகேட் வர வருஷங்கள் ஆயின. வந்தபோது நீ ப்ளஸ் டூ. அம்மா கேசரி கிண்டினாள். “இனிமே நிஜமாவே R போடலாமாப்பா?” என்று நீ குதித்தாய். “அச்சில இடமில்லம்மா” என்றேன். இடம் இருந்தது. அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஆளை விட்டு என் எழுத்தை வெட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது உன் முதல் கேள்விக்கு வருகிறேன். நம் பதிவு ரப்பர் கேஸ்கட்டுக்கு மட்டும்தான். சரக்குகளை வகை வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கேஸ்கட் ஒரு வகை, பை வேறு வகை. கேஸ்கட்டில் வாங்கிய R-ஐப் பையில் போட்டால் அதுவும் நான் செய்த தப்புதான், பதினாறு வருஷம் கழித்து நீ செய்வாய், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே பைக்குத் தனியாக விண்ணப்பம் போடு. சர்டிபிகேட் கைக்கு வரும்வரை TM மட்டும் போடு. அதைப் போட யார் உத்தரவும் வேண்டாம். ஆனால் வேறு யாரும் அதே பேரில் பை விற்கவில்லையா என்று முதலில் அலைந்து பார்த்துவிடு. பேரின் வலது தோளில் சின்னதாக, ஒரு பையில் ஒரு தடவை போதும். ஜிப்பிலும் வாரிலும் எல்லாம் போட்டால், திருடனுக்குப் பயந்து வீட்டுக்குள் இருக்கிற அலமாரிக்கெல்லாம் பூட்டுப் போடுகிற மாதிரி ஆகிவிடும். R கிடைத்தால் பதிவான அதே உருவத்தைத்தான் பயன்படுத்த வேண்டும், அழகுக்கு வளைக்கக் கூடாது. ஏழு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும், மறந்தால் போய்விடும். இன்னொரு பேராக ‘உறுதி’ என்று எழுதியிருந்தாயே, அது வேண்டாம். பை விற்கிறவன் எல்லாருமே உறுதி என்றுதான் சொல்வான். எல்லாருக்கும் தேவைப்படுகிற வார்த்தையை ஒருத்தருக்கு எழுதிக் கொடுக்க மாட்டார்கள். ‘கலா’ என்ற பேர் உன்னுடையது, தாராளமாக வைத்துக்கொள். அந்த வட்டத்தைத்தான் நான் உனக்குத் தர முடியாது. சட்டப்படி முடியும். சர்டிபிகேட் என் பேரில் இருக்கிறது. ஆனாலும் முடியாது.

உன் கடிதம் வந்த மறுநாள் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புதன்கிழமை அம்மா உனக்கு வாங்கி வைத்திருந்த பாத்திரங்களைப் பேர் வெட்டிக்கொண்டு வரச் சொன்னாள். அண்டா, குடம், தூக்கு, டம்ளர்கள். மண்ணூர்பேட்டையிலேயே மிஷினில் வெட்டுகிறார்கள். நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினேன். பாய் அதே கடை வாசலில்தான் இருந்தார். தாடி வெளுத்துவிட்டது. மூக்குக் கண்ணாடிக்கு மேலே இன்னொரு பூதக்கண்ணாடி. தலை நிமிராமல் குடத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “இன்னா பேரு வெட்டணும்?” என்றார்.

“கலா.”

கை நின்றது. நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு, “இன்ஷியலு?” என்றார்.

சாக்கில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வக்கீல், காகிதம், கையெழுத்து, பஸ் ஏறி ஓடியது. பாதியில் அழுகை வந்துவிட்டது. கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டேன்.

“தெரியும் அண்ணாத்தே,” என்றார். “அந்த லெட்டர அன்னிக்கே என் மூஞ்சிக்கு நேரா காட்டினாங்க. கையெழ்த்து உன்னுதுதான்னு பார்த்ததும் தெரிஞ்சிச்சி. R-அ நல்லா வளைச்சி போட்டிர்ந்தே.”

“தெரிஞ்சுமா பாய் வந்து எழுத்த எடுத்துக் குடுத்தே?”

“நான் வெட்னது. நான்தான் எட்க்கணும். வேற எவனாவது கைய வெச்சா அச்சு பாழாப் பூடும்.” உளியைத் துணியில் துடைத்தார். “நீ திரும்பி வருவேன்னு ஒரு வருசம் பார்த்தேன். அப்பால உட்டுட்டேன்.”

மன்னித்துக்கொள் என்று கையைப் பிடித்தேன். அவர் கையை விலக்கிக்கொள்ளவில்லை, ஆனால் குரல் கொஞ்சம் கடுத்தது. “வாயால இன்னாத்துக்கு? அன்னிக்கி வாயாலயா சொன்னே? எழ்தித்தானே குட்தே. இப்பவும் எழ்திக் குடு.”

“யாருக்கு எழுதறது பாய்? அந்தக் கம்பெனியே இப்ப இல்ல.”

“உன் பொண்ணுக்கு எழ்து. அது பேர நான்தான் மொதமொதல்ல இரும்புல வெட்னேன். வட்டம் யார்துன்னு அதுக்குத் தெரியட்டும். எழ்தி எட்த்துகினு வா, நான் படிச்சிப் பார்த்துட்டு சொல்றேன்.” பாத்திரங்களையும் திருப்பித் தரவில்லை.

ஆகவே எழுதிவிட்டேன். ‘கலா’ அச்சில் R வெட்டச் சொன்னது நான். காதர் பாய் நான் சொன்னதைத்தான் செய்தார். பிழை என்னுடையது. அவர் பிழை என்று எழுதிக் கொடுத்தது பொய். அந்த முட்டை வட்டம் அவர் கையில் பிறந்தது. உன் பையில் அது வேண்டுமென்றால், நீயே பூந்தமல்லிக்குப் போய் அவரைக் கேள். என்ன சொல்கிறாரோ அதுதான். கொடுக்க மாட்டேன் என்றாலும் அவரோடு வாதாடாதே.

உன் இரண்டாவது கேள்வி. என் ஆசை என்ன என்பதை ஒளிக்க மாட்டேன். உன் பேருக்கு முன்னால் R அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் ஆசை. இல்லாமல் போனால் மனசு வலிக்கும். ஆனால் வக்கீல் அன்றைக்குச் சொன்னது எனக்கு இப்போதுதான் சரியாகப் புரிகிறது. நீ பிறந்ததும் ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், என் எழுத்தைச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். உன்னை யாரும் கேட்கவில்லை. அது வெறும் TM, கலா. இது என்னுடையது என்று நானே சொல்லிக்கொண்டது. இருபத்து நாலு வருஷமாக அதைப் பதிவானது என்று நினைத்துக்கொண்டு போட்டு வந்தேன், கேஸ்கட்டில் போட்ட மாதிரியே. பதிவு செய்கிற அதிகாரம் உன்னிடம் இருக்கிறது. நான் இதுவரை எழுதியிருப்பதைப் படித்த பிறகும் அந்த எழுத்து உனக்கு வேண்டுமானால் வைத்துக்கொள். மாப்பிள்ளை எழுத்தைப் போட்டுக்கொள்வதானாலும், உன் அம்மா எழுத்தைப் போட்டுக்கொள்வதானாலும், ஒன்றுமே இல்லாமல் கலா என்று நிற்பதானாலும் யாரும் உன்னைக் கேள்வி கேட்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஹாஸ்டல் சாம்பாரை இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்.

உன் அப்பா

பி.கு. இதை மட்டும் பூந்தமல்லியிலிருந்து, பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பாய் முழுசும் படித்துவிட்டார். பூதக்கண்ணாடியை ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படிக்க ஒரு மணி நேரம் ஆனது. ஓரிடத்தில் மட்டும் நிறுத்தி, “முட்டன்னு எழ்திக்கீறே, அவ்ளோ கோணலா இல்ல அது” என்றார். திருத்தட்டுமா என்றேன். வேண்டாம், அப்படியே போகட்டும் என்றார். பிறகு டீ சொன்னார். பதினாறு வருஷத்துக்குப் பிறகு அவரோடு டீ குடித்தேன். பாத்திரங்களில் பேர் வெட்டி முடித்துவிட்டார். எல்லாவற்றிலும் ‘கலா’ இருக்கிறது. அதற்கு முன்னால், இந்த முறை பின்னால் இல்லை, முன்னால், ஒரு வட்டம் வெட்டியிருக்கிறார். அண்டாவில் பெரிதாக, டம்ளரில் பொட்டளவுக்கு. எல்லாமே வெறும் வட்டம். உள்ளே என்ன எழுத்து என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். “நீ சொல்லாதே அண்ணாத்தே, அது வந்து சொல்லட்டும்” என்றுவிட்டார். அதனால் பாத்திரங்களை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. இங்கேயேதான் இருக்கின்றன, கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் வந்துவிட்டுப் போ.